சிறு குளத்தையும் அதன் ஓடையையும் மீட்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

குளம் துப்புரவுச் சிரமதானங்கள் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடிகின்றன. ஒரு விடுமுறை நாளில் ஊரே திரண்டு ஆற்றுவாழை என்ற மிதக்கும் களையை இழுத்துக் கட்டோரம் குவிக்கும். மார்கழி வெள்ளத்தில் அந்தக் குவியலின் அடிப்பகுதி மிதந்து குளத்துக்கே திரும்பும். அடுத்த கச்சான் காற்றுக் காலத்துக்குள் குளம் பழையபடி பச்சையாகிவிடும். உழைப்பில் குறையில்லை, ஒழுங்கில்தான் குறை. களையை அகற்றுவது மொத்த வேலையில் கால்பங்குகூட வராது. கரையில் எது நிற்கிறது, வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் எது வந்து சேர்கிறது, சேற்றுக்குள் எவ்வளவு விதை கிடக்கிறது என்ற மூன்றும்தான் களை திரும்புமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த வழிகாட்டி ஒரு சிறு குளத்தையும் அதற்கு நீர் கொண்டுவரும் ஓடையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆற்றங்கரைக்கு மாறும் விடயங்கள் தனியாக வருகின்றன. களப்பின் உவர்ப்பகுதிக்கும் கண்டல் காட்டுக்கும் இதில் சொன்ன செடிகள் பொருந்தா.

முதலில்: குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் குளங்கள் சிறு குளங்கள். இவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. உங்கள் பிரதேசக் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும்தான் முதல் வாசல். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சரணாலயத்துக்குள்ளோ தேசிய பூங்காவை ஒட்டியோ இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடக்கூடாது. குமண ஈரநிலத் தொகுதி 2010இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்ச் சிரமதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடிதத்தில் நான்கு விடயங்கள் தெளிவாக இருக்கட்டும்: எந்தப் பகுதி, எந்தச் செடியை அகற்றுகிறோம், அகற்றியதை எங்கே போடுகிறோம், எந்த மரத்தை எங்கே நடுகிறோம். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் பிரதி கொடுங்கள். வட்டவிதானையையும் நன்னீர் மீனவர் சங்கத்தையும் கூட்டத்துக்கு அழைக்காமல் தொடங்கினால் வேலை பாதியில் நிற்கும். நீர் திறக்கும் நாள் ஒருவருக்குத் தெரியும், வலை கட்டும் இடம் மற்றவருக்குத் தெரியும். மேல்கரையில் குளத்துக்கான ஒதுக்கு நிலத்தை யாராவது வயலாக்கியிருந்தால், நிலஅளவை எல்லையை முதலில் கேட்டு வாங்குங்கள். எல்லை தெரியாமல் நட்ட மரவரிசை அடுத்த விதைப்புக்கு முன் பிடுங்கப்படும்.

இரண்டு முறை நடந்து பாருங்கள்

தை மாதத்தில், வான் (மிகைநீர் வழிந்தோடும் வழி) பாய்ந்து அடங்கியபின், நீர் நிற்கும் விளிம்பில் 20 மீற்றருக்கு ஒன்றாகக் கம்பு அடையாளம் வையுங்கள். நிறைநீர் மட்டம் அதுதான். நடுகை முழுவதும் அந்தக் கோட்டை வைத்துத்தான். ஆவணியில், நீர் இறங்கியபின், மறுபடி நடந்து சேறு எங்கே படிந்திருக்கிறது, ஓடை எங்கே கரையை அரிக்கிறது, மாடு எங்கே இறங்குகிறது, சவர்க்கார நீர் எங்கே சேர்கிறது, வயல் வடிகால் எங்கே திறக்கிறது என்று குறியுங்கள். நான்கு இடங்களில் நிலையான கம்பு நட்டு, அங்கிருந்தே ஒவ்வொரு மாதமும் படம் எடுங்கள். வேறு கோணத்தில் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

களப்புக்குக் கிட்டிய குளமானால் கையடக்க மின்கடத்துதிறன் மானியால் உவர்ப்பை அளந்து கொள்ளுங்கள். வறண்ட காலத்தில் உவர் ஏறும் இடத்தில் தாமரையும் ஒல்லியும் நிலைக்காது. ஆற்றுவாழையும் அப்படித்தான். மாரியில் களப்பின் தென்பக்கம் நன்னீராகும்போது மிதந்து வந்து, கிட்டங்கி போன்ற ஒடுங்கிய இடங்களில் அடைத்துக்கொள்ளும். உவர் ஏறியதும் செத்து அடியில் தங்கும். அது அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும்.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது

ஆற்றுவாழையை எல்லோருக்கும் தெரியும். தடித்துப் பஞ்சுபோன்ற காம்பு, ஊதாப் பூ, கறுத்த தூவல் வேர். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

சல்வீனியாவைச் சல்பீனியா என்றும் நம் ஆட்கள் சொல்வார்கள். அது பூக்காத பன்னம். இலையின் மேல் முட்டையடிக்கும் கம்பி வடிவில் நுண்மயிர் இருக்கும், நீர் ஒட்டாது. 1939இல் கொழும்புக்கு வந்தது. இதற்கு விதையில்லை, ஒடிந்த துண்டிலிருந்தே பெருகும். அதனால் சல்வீனியா உள்ள நீரில் இயந்திரம் ஓட்டி அரைப்பது பெருக்குவதற்குச் சமம்.

மூன்றாவதுதான் ஏமாற்றும். பொன்னாங்காணி போலவே இருக்கும் ஓர் அந்நியக் களை, அல்டெர்னந்திரா பிலோக்செரொய்டிஸ். கீரையென்று நினைத்துத் தோட்டத்தில் வைத்தவர்களும் உண்டு. நம் பொன்னாங்காணியின் வெண்பூ இலைக் கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். அந்நியக் களையின் பூ சில சென்றிமீற்றர் நீளக் காம்பின் நுனியில் தனித்து நிற்கும். தண்டு தடித்து உள்ளே குழலாக இருக்கும். ஒரு கணு கிடந்தாலும் துளிர்க்கும். ஆகவே வெட்டாமல் வேரோடு கிளறி எடுத்து, கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வாட்டி எரியுங்கள். இதைக் கூட்டெருவில் சேர்க்க வேண்டாம்.

விட வேண்டியவை: ஒல்லி, ஆம்பல், தாமரை, கொட்டி, கோரை, பன், வல்லாரை, நீர்முள்ளி, நீருக்குள் வளரும் பாசிச்செடிகள். தாமரையும் சம்பும் நம் செடிகள்தான் என்றாலும் தூர்ந்த குளத்தில் முழுதாக மூடிவிடும். அங்கே ஒழிக்க நினையாமல், மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பரப்புத் திறந்திருக்கும்படி வாய்க்கால் போல வெட்டிவிட்டால் போதும். வெட்டும் உயரம் முக்கியம். சம்பைக் குறைக்க வேண்டுமானால் பூக்கும் முன் நீருக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். வெட்டுவாய் வழியாக வேருக்குக் காற்றுப் போகாமல் கிழங்கு அழுகும். பாய் இழைக்கப் பன் வெட்டுபவர்கள் இதற்கு நேர்மாறாக, நீருக்கு மேலே நான்கு விரல் விட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் பன் இராது.

அகற்றும் காலமும் முறையும்

ஆடி, ஆவணி, புரட்டாதிதான் காலம். நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் நம் குளங்கள் பலவற்றின் கட்டு கிழக்குப் பக்கம் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து அடித்து மிதக்கும் களையைக் கட்டோரம் தள்ளிச் சேர்க்கும். மதகை அடைப்பதும் அதுதான், நமக்கு வசதியாவதும் அதுதான். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் களை மேற்கரைச் சேற்றுக்குள் சிதறும். பிறகு துரத்திப் பிடிக்க முடியாது. சிறுபோகத்துக்கு நீர் ஓடும் நாட்களைத் தவிருங்கள். ஒடிந்த துண்டுகள் வாய்க்கால் வழியாக அடுத்த வயல்வட்டைக்குப் போய்விடும்.

முதலில் மதகுக்கும் வானுக்கும் முன்னே மிதவைத் தடுப்புக் கட்டுங்கள். 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு, இரண்டு மீற்றருக்கு ஒன்றாக மூடிய 5 லீற்றர் வெற்றுக் கலன், அதிலிருந்து 30 சென்றிமீற்றர் தொங்கும் பழைய வலை. வலையின் கண் இரண்டு சென்றிமீற்றருக்கு மேல் போனால் சல்வீனியா நழுவும். வலையை அடி வரை இறக்கினால் மீனும் ஆமையும் மாட்டும். மாலையில் ஒருமுறை வலையைப் பார்க்க ஆள் வேண்டும்.

பிறகு கணக்கு. ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைக் களைமேல் போட்டு, உள்ளே இருப்பதை எடுத்து நீர் வடியவிட்டு நிறுத்துப் பாருங்கள். அடர்ந்த ஆற்றுவாழை சதுர மீற்றருக்கு 20 முதல் 40 கிலோ வரை வரும். கால் ஏக்கர், ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர், 20 முதல் 40 தொன். உழவு இயந்திரப் பெட்டிக்கு இரண்டரைத் தொன் என்று வைத்தால் 8 முதல் 16 பெட்டி. இந்தக் கணக்கைப் போடாமல் நூறு பேரைக் கூட்டினால் இழுத்ததெல்லாம் கட்டடியிலேயே கிடக்கும். பெட்டிகளுக்குத் தக்கபடி ஆளைக் கூப்பிடுங்கள்.

தோணியிலிருந்து முள்வாரியால் இழுப்பவர்கள், கரையில் வாங்குபவர்கள், ஏற்றுபவர்கள் என மூன்று குழு. ஓரத்திலிருந்து உள்ளே போகாமல், காற்று வரும் பக்கத்தின் விளிம்பிலிருந்து கட்டை நோக்கிச் சுருட்டி வாருங்கள். தாழைக்கோழி, இலைக்கோழி கூடு கண்டால் சுற்றிலும் ஐந்து மீற்றரை விட்டுவிட்டு, குஞ்சு இறங்கியபின் எடுங்கள். முடிவில் தனியே மிதக்கும் ஒற்றைச் செடிகளைக் கையால் பொறுக்குவதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். எல்லோருக்கும் சலிப்பாக இருக்கும் வேலை இது. ஆனால் ஒற்றைச் செடி சில வாரங்களில் திட்டாகிவிடும்.

களைநாசினி அடிக்கலாமா என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். குளத்தில் அடிக்கக்கூடாது. செத்த களை தொன் கணக்கில் அடியில் விழுந்து அழுகி மீனைக் கொல்லும். அதிலிருந்த போசணை அப்படியே நீரில் கரைந்து அடுத்த களைக்கு எருவாகும். மேலும் நம் குளங்கள் பலவற்றின் நீர் குடிநீராகிறது. மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சையிலிருந்தும், அம்பாறைக்குக் கொண்டவட்டுவான் குளத்திலிருந்தும் குடிநீர் போகிறது.

சல்வீனியாவுக்கு வேறு வழி உண்டு. சிர்ட்டோபேகஸ் என்ற இரண்டு மில்லிமீற்றர் கறுப்பு வண்டு அதை மட்டுமே தின்னும். 1980களில் இலங்கையில் விடப்பட்டுப் பல குளங்களைத் திறந்துவிட்டது. உங்கள் குளத்துச் சல்வீனியாவின் நுனி மொட்டு கபில நிறமாகி, இலையில் சிறு துளைகள் இருந்தால் வண்டு ஏற்கெனவே வேலை செய்கிறது. அங்கே முழுதாக அள்ளிவிட்டால் வண்டும் போய்விடும். எஞ்சிய துண்டு வண்டில்லாமல் பெருகும். வண்டுள்ள திட்டைத் தடுப்புக்குள் விட்டு மற்றதை அகற்றுங்கள். வண்டே இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தைக் கேளுங்கள். நாமாக எங்கிருந்தோ பூச்சி கொண்டுவருவது தவறு.

அள்ளியதை எங்கே போடுவது

நிறைநீர் மட்டத்துக்கு மேலே, மழைநீர் குளத்துக்கு ஓடாத இடத்தில். மூன்று நாள் வாட விட்டால் குவியல் பாதிக்கு மேல் சுருங்கும். 5 முதல் 10 சென்றிமீற்றர் துண்டாக வெட்டி, மூன்று பங்கு களைக்கு ஒரு பங்கு சாணி, இடையிடையே வைக்கோல் என அடுக்கி, ஒன்றரை மீற்றர் உயரத்துக்குக் கட்டுங்கள். நடுப்பகுதி கை வைக்க முடியாத சூட்டில், 55 பாகைக்கு மேல், சில நாட்கள் இருந்தால்தான் விதை சாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி வெளிப்புறத்தை உள்ளே தள்ளுங்கள். இரண்டரை மாதத்தில் எரு தயார். சூடேறாவிட்டால் பெரும்பாலும் ஈரம் அதிகம். வைக்கோல் சேர்த்துப் புரட்டுங்கள். அரிசி ஆலை, வாகனக் கழுவிடம், குப்பைமேடு ஆகியவற்றின் கழிவு விழும் நீரில் எடுத்த களையை மரக்கறித் தோட்டத்துக்குப் போடாதீர்கள். ஆற்றுவாழை பார உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

கரையை நடுவது

நிறைநீர்க் கோட்டை வைத்து நான்கு பட்டையாகப் பிரியுங்கள்.

நீருக்குள், 30 முதல் 100 சென்றிமீற்றர் ஆழத்தில், ஒல்லி, ஆம்பல், கொட்டி. மாசி, பங்குனியில் நீர் இறங்கத் தொடங்கும்போது கிழங்கைச் சேற்றில் அமுக்கி, மிதக்காமல் ஒரு சிறு களிமண் உருண்டையோடு கட்டி வையுங்கள். கிழங்கை அதே ஓடைத் தொடரிலுள்ள குளத்திலிருந்து, ஒரு திட்டில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காமல் கொண்டுவாருங்கள். கடையில் விற்கும் மீன்தொட்டிச் செடி வேண்டவே வேண்டாம்.

விளிம்பில், 30 சென்றிமீற்றர் ஆழத்திலிருந்து நிறைநீர்க் கோடு வரை, பன்னும் கோரையும். வேர்க்கிழங்கோடு ஒரு சாண் துண்டு, அரை மீற்றர் இடைவெளி. நுனி நீருக்கு மேல் தெரிய வேண்டும். இந்தப் பட்டைதான் வண்டலைப் பிடிக்கிறது, அலையை உடைக்கிறது, யூரியாவை உறிஞ்சுகிறது.

அதற்கு மேலே பத்து மீற்றர் புல்வெளி: அறுகு, வல்லாரை, பொன்னாங்காணி. உழாமல் விட்டால் தானாகவே வரும். கினிப்புல் நுழைந்தால் பூக்கும் முன் வெட்டுங்கள்.

அதற்கும் மேலே மரவரிசை: மருது, நீர்க்கடம்பு, புங்கு, நாவல், இலுப்பை. மருதுக்கு ஆறு மீற்றர் இடைவெளி, மற்றவற்றுக்கு நான்கு. குழி 45 சென்றிமீற்றர் கனசதுரம். முதல் மழை மண்ணை ஊறவைத்ததும், ஐப்பசியில் நடுங்கள். கார்த்திகை வெள்ளத்துக்கு முன் வேர் பிடிக்க மூன்று, நான்கு வாரம் வேண்டும்.

கட்டின்மேல் மட்டும் எந்த மரத்தையும் நடாதீர்கள். வேர் செத்து அழுகும்போது கட்டுக்குள் குழாய்போல் துளை விழும், நீர் அதைப் பெருப்பித்துக் கட்டை உடைக்கும். கட்டில் அறுகம்புல் போதும். கட்டுக்குக் கீழே, கசிவு நீர் நிற்கும் இடத்தில், கட்டின் அடியிலிருந்து ஐந்து மீற்றர் விட்டுத் தாழையும் நீர்க்கடம்பும் வைக்கலாம்; கசிவின் உவர் வயலுக்குப் போகாமல் பிடிக்கும்.

நாற்று விடயத்தில் அவசரம் ஒவ்வொரு மரத்துக்கும் வேறு. நாவலும் இலுப்பையும் பழம் விழுந்த இரண்டு வாரத்துக்குள் விதைக்காவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும்; காயவைத்துச் சேமிப்பது விதையைக் கொல்வதுதான். மருதின் ஐந்து சிறகுக் காயை இரண்டு நாள் நீரில் ஊறவைத்துப் படுக்கையில் போடுங்கள், முளைக்க ஏழு வாரம் வரைகூடப் பொறுக்க வேண்டும். நீர்க்கடம்பு விதை தூசி அளவு. அதை மணலோடு கலந்து தட்டின் மேற்பரப்பில் தூவி, மண் மூடாமல், தட்டைத் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துப் போகும். பைக்கு மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணி ஒன்று. முழங்கால் உயரத்துக்குக் குறைந்த கன்று வெள்ளத்தில் மூழ்கிச் சாகும், ஆகவே நாற்றுமேடையில் ஒரு வருடம் என்று கணக்கு வையுங்கள்.

கன்று சாவதற்கு நம் பக்கத்தில் முதற் காரணம் வறட்சியல்ல, மாடு. சிறுபோகம் முடிந்ததும் பட்டி குளத்துக்குத்தான் வரும். வேலி போட்டு முழுக்க மறித்தால் வேலியை உடைப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. எட்டு, பத்து மீற்றர் அகலத்தில் கல் பரவிய மாட்டுத்துறை ஒன்றை விட்டு, மீதிக்கு முள்வேலி அடையுங்கள். இதைப் பட்டிக்காரரோடு பேசி இடம் குறித்துவிட்டால் வேலி தப்பும்.

போசணையை நிறுத்துவது

யூரியா எறிந்தபின் ஐந்து நாள் வக்கடையை (வரம்பில் நீர் வெளியேறும் வாயை) அடைத்து வையுங்கள்; கனமழை எதிர்பார்க்கும் நாளில் எறியாதீர்கள். ஓடை குளத்தில் சேரும் வாயில் மூன்று மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழத்தில் வண்டல் குழி வெட்டி, ஆண்டுக்கொருமுறை புரட்டாதியில் தூர்வாருங்கள். அந்த வண்டல் வயலுக்கு நல்ல பசளை, எடுக்க ஆள் வரும். குளிக்கும் துறையைத் தடுக்க முடியாது. சவர்க்காரம் போட்டுத் துவைக்கும் கல்லைக் கரையிலிருந்து பத்து மீற்றர் மேலே நகர்த்தி, வடியும் நீரைக் கோரைப் பட்டைக்குள் விடுவது முடியும்.

ஆற்றங்கரையானால்

பட்டிப்பளை ஆறு, முந்தேனி ஆறு, மாதுறு ஓயா போன்றவற்றின் கரையில் கன்று நடும் முன் மணல் அகழ்வைப் பாருங்கள். ஆற்றடி தாழ்ந்துகொண்டே போனால் கரையின் அடி அரிந்து, நின்ற மருதுகளே சாயும். அங்கே நட்ட கன்று நிற்காது. அகழ்வுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும், உரிமத்தில் இடமும் அளவும் குறித்திருக்கும். முறைப்பாடு எழுதும்போது அந்த இரண்டையும் வைத்தே எழுதுங்கள். தாழ்கரையில் மருதும் புங்கும், நீரோட்டம் மோதும் வளைவில் முதலில் மூங்கில் தடுப்பும் கோரையும், மரம் அதற்குப் பின்.

மகாவலிக் கரைகளில் பரவியிருக்கும் இராட்சதத் தொட்டாற்சுருங்கியைக் கண்காணியுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும், தண்டில் முள், காய் துண்டு துண்டாக உடைந்து மிதக்கும். மகாவலித் தண்ணீர் மாதுறு ஓயாவுக்கும் வருவதால் வழி திறந்தே இருக்கிறது. ஒரு செடி கண்டால் காய்க்கும் முன் வேரோடு எடுங்கள்.

ஆளுக்கு ஆபத்து

வறண்ட காலத்தில் முதலை சுருங்கிய நீரில் சேர்ந்திருக்கும். காலை ஏழுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் யாரும் இறங்க வேண்டாம். மாலையில் யானையும் வரும். இடுப்பளவுக்கு மேல் ஆழத்தில் தோணியிலிருந்து மட்டும் வேலை. களைக் குவியலைக் கையால் தூக்கும் முன் கம்பால் கிளறுங்கள், விரியன் கிடக்கும். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வேலைக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். காலில் புண் உள்ளவர்களை நீரில் இறக்காமல் கரை வேலைக்கு விடுங்கள்.

மூன்று ஆண்டு பின்தொடர்வு

முதல் ஆறு மாதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு பேர் தோணியில் சுற்றி ஒற்றைச் செடிகளைப் பொறுக்க வேண்டும். ஆற்றுவாழை விதை சேற்றில் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நீர் இறங்கி ஈரச்சேறு வெயில் பட்டதும் முளைக்கும். ஆகவே ஒவ்வொரு ஆவணியிலும் வெளிப்பட்ட சேற்றில் விரல் அளவு நாற்றைத் தேடிப் பிடுங்குங்கள். அப்போது ஒரு வாளிக்குள் அடங்கும். பூத்ததைக் கண்டால் மூன்று வாரத்துக்குள் எடுங்கள், பிந்தினால் விதை விழுந்துவிடும்.

கன்றுகளுக்கு முதல் இரண்டு வறண்ட காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து லீற்றர். செத்த கன்றுக்கு மறு ஐப்பசியில் மாற்று நட, நாற்றுமேடையில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மிச்சமாக வைத்திருங்கள். இரண்டாம் ஆண்டிலும் ஓர் இடத்தில் மட்டும் களை அடர்ந்து வந்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு புதிய வடிகாலோ, அடைபட்ட வண்டல் குழியோ, யாரோ உழுத புல்வெளியோ இருக்கும். அதைச் சரிசெய்த பிறகே அடுத்த சிரமதானத்துக்குத் திகதி குறியுங்கள்.